பக்கவாதம் வந்தவரின் குறட்டையை உற்றுக் கேளுங்கள்

குடியாத்தம், ஆற்காடு பக்கத்திலிருந்து வேலூருக்கு மறுபரிசோதனைக்கு வருகிறவர்களின் வீட்டாரிடம், ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று கேட்டால், “நல்லா குறட்டை வுட்டுத் தூங்கறாரு சார்” என்பார்கள். பகலிலும் கண் அசந்துகொண்டே இருந்தால் மாத்திரை வேகம் என்று விட்டுவிடுவார்கள். பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது. அதனால் அந்தக் குறட்டையை நல்ல தூக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். வாதத்தில் தொண்டைத் தசையும் தளர்ந்திருந்தால் அடைப்பு இன்னும் கூடும். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் அது நோய், 30ஐத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், பிரஷர் ஏறும், மூளை அரைகுறையாக விழித்துத்தான் மூச்சை மீட்கும். அடிபட்ட மூளை தேற ஆழ்ந்த தூக்கம் வேண்டும். பகலில் பிசியோதெரபியில் பழகிய அசைவு மனதில் பதிவதிலும் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. இரவெல்லாம் தூக்கம் துண்டுபட்டால் மறதி, எரிச்சல், மருந்துக்கு அடங்காத காலை நேர பிரஷர் எல்லாம் சேர்ந்து வரும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள், மார்பும் வயிறும் தெரியும்படி பக்கவாட்டில் நின்று, சத்தத்தோடு 5 நிமிடம் வீடியோ எடுங்கள். தொண்டை அடைப்பு என்றால், குறட்டை ஏறி, சட்டென்று நின்று, வயிறு மட்டும் மேலும் கீழுமாகத் தவித்து, பிறகு ‘கர்ர்’ என்று மூச்சு வெடித்துக் கிளம்பும். வயிறும் அசையாமல் மூச்சு நின்றால் அது வேறு வகை. மூச்சு விடும் கட்டளை மூளையிலிருந்தே வரவில்லை. சிகிச்சையும் மாறலாம். வீடியோவை டாக்டரிடம் காட்டி, தூக்கத்தில் மூச்சை அளக்கும் பரிசோதனையான ஸ்லீப் ஸ்டடி கேளுங்கள். அதுவரை முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். செயலிழந்த கை உடம்புக்கு அடியில் சிக்கக் கூடாது. மதுவும், டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும், வேண்டவே வேண்டாம்.

இந்த அடைப்புக்குச் சிகிச்சையாகத் தரும் சிபாப் மெஷின், முகத்தில் போடும் மாஸ்க் வழியே வரும் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கிறது. இதில் வாக்குறுதி கொடுக்கும்போது கவனம் வேண்டும். 2016இல் வெளியான பெரிய ஆய்வில், சிபாப் போட்டதால் மறு பக்கவாதமோ மாரடைப்போ குறையவில்லை; பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. அதில் மெஷின் போட்ட சராசரி நேரம் இரவுக்கு 3.3 மணிதான்.

ஏன் கழற்றி வைக்கிறார்கள்? வாய் கோணியவருக்கு அந்த ஓரம் வழியே காற்று கசியும். வீட்டார் பட்டையை இறுக்குவார்கள், மூக்குத் தண்டில் புண் வரும். மாஸ்க்கைப் படுத்த நிலையில், மெஷினை ஓடவிட்டு, விரல் நுழையும் தளர்வோடு பொருத்த வேண்டும். தேவைப்பட்டால் வாயும் சேர்ந்த மாஸ்க்குக்கு மாற வேண்டும். மாஸ்க்கைக் கழற்றும் கிளிப் நல்ல கைக்கு எட்டும் பக்கம் இருக்கட்டும். தானே கழற்ற முடியாதவருக்கும், விழுங்கச் சிரமப்படுகிறவருக்கும் வாய் மாஸ்க் ஆபத்து: வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். அவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள்.

ஈரப்பதத் தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீரின் உப்பு அடியில் படியும். அக்னி நட்சத்திர ராத்திரியில் கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், உடனே மாஸ்க்கைக் கழற்றுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று வாங்கும்போதே கேளுங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது மெஷினின் மெமரி கார்டையும் கொண்டுவாருங்கள். எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு காற்று கசிந்தது என்பது அதில் தெரியும்.