குதிகால் இறுகினால் ஈசிஜியும் எடுங்கள்

"டாக்டர், இவன் செருப்பு முன்பக்கம் மட்டும்தான் தேயுது" என்று சொல்லும் அம்மாக்களிடம், பையனின் முழங்கையை நீட்டிக் காட்டச் சொல்வேன். நுனிக்காலில் நடக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றுமிருக்காது. குதிகாலோடு முழங்கையும் இறுகி, கழுத்தும் குனிய மறுத்தால் எமரி-டிரைஃபஸ் தசைச்சிதைவு என்ற மரபணு நோயா என்று பார்த்தே ஆகவேண்டும்.

கோளாறு இருப்பது உயிரணுவின் உட்கரு உறையில். அது இரட்டைப் படலம். வெளிப்படலம், உயிரணுவுக்குள் பரந்திருக்கும் எண்டோபிளாச வலை என்ற படலப் பின்னலின் தொடர்ச்சி. இந்த நோயில் பழுதாகும் எமரின் என்ற 254 அமினோ அமிலப் புரதம் அந்த வலையில்தான் முதலில் பதிகிறது. அதற்கு வேலையோ முக்கியமாக உட்படலத்தில். யாரும் அதை இழுத்துப் போவதில்லை. எண்ணெய்போல் நெகிழ்ந்த படலத்திலேயே நகர்ந்து, இரு படலங்களும் சேரும் உட்கருத் துளைகளின் ஓரமாக உள்ளே போகிறது. ஓர இடுக்கு குறுகல். படலத்துக்கு வெளியே நீட்டிய புரதப் பகுதியின் எடை ஏறக்குறைய 60 கிலோடால்டனை (புரத எடையின் அலகு) தாண்டினால் இப்படி நுழைவது கடினம். உள்ளே போனதும் லாமின் என்ற இழைவலை பிடித்துக்கொள்கிறது. ஒளிரும்படி குறியிட்ட எமரினை லேசரால் ஓரிடத்தில் மங்கடித்துப் பார்த்தால் இது தெரியும்: எண்டோபிளாச வலையில் அந்த இடம் சட்டென மறுபடி ஒளிரும், பிடிபட்டிருக்கும் உட்படலத்தில் மெதுவாகத்தான்.

பிடி விட்டால்? லாமின் வகைகளில் ஒன்றான லாமின் ஏ இல்லாத எலிகளை 1999இல் உருவாக்கியபோது, எமரின் எண்டோபிளாச வலைக்கே கசிந்திருந்தது. எலிகளுக்குத் தசைச்சிதைவும் வந்தது. அந்த ஆய்வுக்குழுவின் காலின் ஸ்டூவர்ட் பின்னாளில் நம் சிங்கப்பூருக்கே வந்து ஆய்வைத் தொடர்ந்தார்.

எமரின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே நோய் வரும். லாமின் கோளாற்றால் வரும் வகை இருபாலருக்கும் வரும்.

இதய மருத்துவராக எனக்குத் தசையைவிட நாடிதான் கவலை. கைகால் பலவீனம் மெல்ல வளரும். அதற்குள் இதயத்தின் மின்பாதை தடைபட்டுத் துடிப்பு மந்தமாகலாம், மயக்கம் வரலாம், திடீர் மரணமும் நேரலாம். ரத்தத்தில் சிகே (தசைச் சேதத்தைக் காட்டும் நொதி) அளவு இயல்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். தேசிய சேவைக்கு முந்தைய பரிசோதனையில் எப்படியும் ஈசிஜி எடுப்பார்களே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். பாலிகிளினிக் டாக்டரிடம் முழங்கையையும் காட்டுங்கள், ஈசிஜி கேளுங்கள். நோய் உறுதியானால் ஆண்டுதோறும் ஈசிஜியும் உடலில் மாட்டிக்கொள்ளும் கருவியால் 24 மணி நேர ஹோல்டர் துடிப்புப் பதிவும் தேவை. பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரோ உரிய நேரத்தில் வைத்தால் உயிர் தப்பும்.

"அக்காவுக்கு எதுக்கு டாக்டர், அவதான் நல்லா ஓடுறாளே!" என்பார்கள். எமரின் கோளாற்றைச் சுமக்கும் பெண்களுக்குத் தசை திடமாக இருந்தும் துடிப்பு பிசகலாம். அக்காவும் வரட்டும், அம்மாவும் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்ளட்டும்.