நியூரோடைவர்சிட்டி: நரம்பியல் பன்மை

நரம்பைக் குறிக்கும் கிரேக்க வேரும், வகைவகையாய் இருப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரும் கூடிய சொல். 1990களில் ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் பேசி வளர்த்த கருத்து இது. 1998இல் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் ஆய்வேட்டிலும், அமெரிக்க இதழாளர் ஹார்வி புளூமின் கட்டுரையிலும் சொல் இடம்பெற்றது. கவனிப்பதிலும் படிப்பதிலும் பழகுவதிலும் மூளைக்கு மூளை வேறுபடுவது இயல்பே என்பது பொருள்.

'நரம்பியல் பன்முகத்தன்மை' என்று பலர் எழுதுகிறார்கள், 'பன்மை' போதும். 'நரம்புப் பன்மை' கூடாது, நரம்புத் தளர்ச்சியோ என்று தோன்றிவிடும். பன்மை என்பது ஒரு வகுப்பில் உள்ள அத்தனை பேரையும் சேர்த்துச் சொல்வது. ஒருவரைச் சொல்ல 'நரம்பியல் வேறுபாடுள்ள மாணவர்' என்பதே சரி.

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் தமிழ்வழியில் பன்னிரண்டு முடித்துப் பொறியியல் சேரும் பிள்ளை முதல் செமஸ்டரில் அரியர் வைத்தால், "இங்கிலீஷ் வரலீங்க" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் ஒரு தமிழ்ப் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். அதையும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாரா? நீண்ட சொற்களில் நடு எழுத்து விட்டுப்போகிறதா? வாயால் கேட்டால் தெளிவாகச் சொல்லும் விடை தாளில் சிதைகிறதா? அப்படியென்றால் ஆங்கிலத்தின் மேல் மட்டும் பழி போடக் கூடாது. வாசிப்பிலும் எழுத்திலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியாவா என்று மருத்துவ உளவியலாளர் சோதிக்க வேண்டும்.

தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும் விண்ணப்பத்தில் மட்டும் 'நரம்பியல் பன்மை' என்ற சொல் செல்லாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'ம் உண்டு. கவனம் நிலைக்காமல் துறுதுறுவென இருக்க வைக்கும் ஏடிஎச்டி தனியாக இல்லை. அது உள்ளவருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் சோதிப்பது நல்லது.

பலர் தடுக்கி விழுவது சான்றிதழில்தான். 2018 நெறிமுறைப்படி கற்றல் குறைபாட்டுக்கு 8 வயது நிரம்பிய பிறகுதான் சான்று கிடைத்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதனை இருந்தது. 18இல் பெற்றதே ஆயுளுக்கும் செல்லும் என்று இருந்தது. 2024இல் புதிய நெறிமுறை வந்ததால், இப்போதைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் வாங்கிய பழைய தாளோடு கல்லூரிக்கு வருபவர் தேர்வு நேரத்தில் அலைய நேர்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்றவருக்கு 3 மணி நேரத் தேர்வில் குறைந்தது 1 மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம். தேர்வுக் கட்டணம் கட்டும் முன்பே, துறைத்தலைவர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இன்டர்னல் தேர்வையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள்.