பிரதர்ஹுட்

அமெரிக்க ரயில்வே வரலாற்றைத் தமிழில் படிக்கும்போது ‘ரயில் பொறியாளர் சகோதரத்துவம்’ என்று வந்தால், ஏதோ மடத்தின் பெயர் போலத் தோன்றும். மடமும் இல்லை, அதில் பொறியாளர்களும் இல்லை. அமெரிக்க ரயில்வேயில் ‘எஞ்சினியர்’ என்றால் எஞ்சின் ஓட்டுநர். ‘ஃபயர்மேன்’ தீயணைப்பு வீரர் அல்ல, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். ‘பிரதர்ஹுட்’ என்றால் தொழிற்சங்கம், அவ்வளவுதான்.

சரி, சங்கத்துக்கு ஏன் இந்தப் பெயர்? ‘பிரதர்’ உடன்பிறந்தவன், ‘ஹுட்’ தன்மையைக் குறிக்கும் விகுதி. இடைக்கால இங்கிலாந்திலேயே மதக் குழுக்களும் தொழில் குழுக்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தின. 1863இல் டெட்ராய்ட்டில் கூடிய ஓட்டுநர்கள் தங்கள் அமைப்புக்கு ‘ஃபுட்போர்டு பிரதர்ஹுட்’ என்று பெயர் வைத்தார்கள். ஃபுட்போர்டு என்பது எஞ்சினில் அவர்கள் நிற்கும் தளம். மறு ஆண்டே பெயர் மாறியது, ‘பிரதர்ஹுட்’ மட்டும் நிலைத்தது.

காரணம், வேலையின் ஆபத்து. பெட்டிகளை இணைக்கும் பிரேக்மேன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று, இரும்பு வளையத்தைக் கையால் பிடித்துப் பொருத்தி, முளையைச் செருக வேண்டும். ஒரு கணம் பிசகினால் விரல் நசுங்கும். விரல் இல்லாத கையைப் பார்த்தே அனுபவசாலி என்று கண்டுகொண்ட காலம் அது. தானியங்கி இணைப்பியைக் கட்டாயமாக்கிய சட்டம் 1893இல்தான் வந்தது. இவர்களுக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் தயங்கின. அதனால் ஒருவர் செத்தால் மற்றவர்கள் காசு போட்டு அவர் குடும்பத்தைத் தாங்கினார்கள். கூலிப் போராட்டமெல்லாம் அப்புறம்தான் முன்னுக்கு வந்தது.

ஆனால் இந்த உடன்பிறப்புக்கு நிறம் இருந்தது. ஓட்டுநர், ஃபயர்மேன் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. 1925இல் புல்மன் நிறுவனத்தின் ரயில் படுக்கைப் பெட்டிகளில் பயணிகளைக் கவனித்துக்கொண்ட கறுப்பினப் பணியாளர்களான போர்ட்டர்கள் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தனிச் சங்கம் கண்டபோது, தங்களை ஒதுக்கிய அதே சொல்லையே பெயரில் வைத்தார்கள். நிறுவனர் ஜார்ஜ் புல்மனின் பெயரைச் சொல்லி, எல்லாப் போர்ட்டரையும் ‘ஜார்ஜ்’ என்றே பயணிகள் கூப்பிட்ட காலம். புல்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 வரை ஆனது.

ஆக, பொதுவாக ‘ஓட்டுநர் சங்கம்’, ‘ஃபயர்மேன் சங்கம்’ என்று எழுதினால் போதும். போர்ட்டர்களுக்கு மட்டும் ‘உடன்பிறந்தோர் சங்கம்’ என்று விரிப்பேன். ‘சகோதரர்’ வேண்டாம், ரயில் பணிப்பெண்களும் அதில் உறுப்பினர்களாக இருந்தார்கள்.