மாத்திரையை நிறுத்தியதற்கு உண்மையான காரணம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மனநல மருந்துக்காக எங்களிடம் வருபவர்களில், மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டவரிடம் காரணம் கேட்டால், "ரொம்பத் தூக்கமா வருது டாக்டர்" என்பார். கூட வந்த அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டால்தான் மிச்சம் வரும். பல ஆண்களுக்கு அது படுக்கையறைச் சங்கதி.

செம்பனைக் குலை வெட்டும் ஒருவர். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மனச்சிதைவு நோய்க்கு ரிஸ்பெரிடோன் சாப்பிட்டு, காதில் கேட்ட குரல்கள் அடங்கி, வேலைக்கும் திரும்பிவிட்டார். ஆனால் மனைவியை நெருங்க முடியவில்லை. இவருக்கு வேறு பெண் இருக்கிறாள் என்று மனைவி நினைத்தார். ஆண்மையே போய்விட்டது என்று இவர் நினைத்தார். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், ஆண்மைக்கு நல்லது என்று விற்கும் தொங்காட் அலி மூலிகைக் காப்பி வாங்கிக் குடித்துப் பார்த்தார், பிறகு மாத்திரையை விட்டார். சில வாரங்களில் குரல்கள் திரும்பிவிட்டன.

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ரிஸ்பெரிடோன் மூளையில் டோபமைனைத் தடுக்கும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடும். தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அது. ஆண்களுக்குக் கூடினால் ஆசை குறையலாம், விறைப்பு வராமல் போகலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அளவைக் குறைக்கலாம், அரிப்பிப்ரசோல் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின் வகையில் உடலுறவின் உச்சம் தள்ளிப்போகலாம், அதற்கும் மாற்று உண்டு. எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போடவும் முடியாது. இனிப்புநீர் (சர்க்கரை நோய்), குடி, மனநோய் எல்லாமே ஆசையைக் கெடுக்கும். அந்தக் காப்பிப் பாக்கெட்டுகள் சிலவற்றில் சில்டெனாஃபில் (வயாகரா) வகை மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுபவருக்கு அது உயிராபத்து.

பெண்கள் விஷயத்தில் எனக்குக் கவலை இன்னும் அதிகம். அதே புரோலாக்டினால் மாதவிலக்கு நின்றுபோகும். சரி, இனிமேல் கர்ப்பம் தங்காது என்று நினைத்துவிடுகிறார்கள். தங்கலாம். மருந்தை மாற்றிய பிறகு மாதவிலக்கு வருவதற்கு முன்பேகூடத் தங்கும். பித்தும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ நோய்க்கு எபிலிம், அதாவது வால்புரோயேட் சாப்பிடும் பெண் கருத்தரித்தால், 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வரும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியும் படிப்பும் பாதிக்கும். அதற்காகப் பயந்து நீங்களே நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை பெறும் வயதில் இந்த மருந்து இருந்தால் குடும்பக் கட்டுப்பாடு பற்றி இன்றே கேளுங்கள்.

"ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று மருந்தை மறைத்துத் தாலி கட்ட வைக்கும் பெற்றோரே, சரியாகாது. புதுப்பெண் மருந்தை ஒளித்து வைத்து, பிறகு விட்டுவிட்டு, மறுபடி நோயில் விழுவதைத்தான் பார்க்கிறோம்.

பித்து ஏறிய நாட்களில் ஒரு பெண் யாரோடோ போய்விட்டால் அடிக்காதீர்கள். அது நோயின் வேகம். அவள் நிலை தெரிந்தும் பயன்படுத்திக்கொண்டவன்தான் குற்றவாளி. உடனே கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் கொடுக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் அதே கெடுதான்.

வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். ஆண் டாக்டரிடம் பேச முடியாவிட்டால் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சொல்லுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டாலே போதும், கூட வந்தவரை நாங்களே வெளியே உட்கார வைக்கிறோம்.