சார்ட்டர் பள்ளி தொடங்குவோர் முன்கூட்டியே பழக வேண்டிய கணக்கு

கலிஃபோர்னியாவில் சார்ட்டர் பள்ளிகளின் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகக் குழுவின்கீழ் நடக்கும் பள்ளிகள்) கணக்கு வழக்குகளைக் கவனிப்பதும், அவற்றைத் தொடங்குவோருக்கும் நிர்வகிப்போருக்கும் கணினிவழியே நிதிப் பயிற்சி அளிப்பதும் என் தொழில். பாடம் நடத்துவதில் கைதேர்ந்தவர்கள், பிள்ளைகள்மீது உண்மையான அக்கறை கொண்டவர்கள், தொடங்கிய பள்ளியைப் பணத்தட்டுப்பாட்டினால் மூட நேர்வதைப் பார்த்திருக்கிறேன். நடுவாண்டில் மூடப்படும் பள்ளியின் பிள்ளைகள் படும் அலைச்சலை அறிந்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிகளுக்கான முதல் சட்டம் 1991-இல் மின்னசோட்டாவில் இயற்றப்பட்டது. மறு ஆண்டே கலிஃபோர்னியாவும் சட்டம் கொண்டுவந்தது. இந்தப் பள்ளிகள் அரசுப் பணத்தில் நடப்பவை என்பதால் மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வழக்கமான அரசுப் பள்ளிக்குப் பின்னால் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் நிதிப் பிரிவு நிற்கும். தனித்து இயங்கும் சார்ட்டர் பள்ளியிலோ சம்பளப் பட்டியல், கட்டட வாடகை, காப்பீடு, தணிக்கை எல்லாம் நிறுவனரின் மேசைக்கே வந்து சேரும்.

இவர்களுக்கான கணினிவழிப் பயிற்சிகள் பலவும் காணொளியைப் பார்க்கச் செய்து, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, சான்றிதழைக் கொடுத்துவிடுகின்றன. அவற்றில் முழு மதிப்பெண் பெற்றவர்களும் முதல் ஆண்டிலேயே திணறுவதைக் கண்டபின், நான் எக்செல் தாளில் பன்னிரண்டு மாதப் பணவரவு செலவை விரித்துவைத்து, எண்களை அவர்கள் கையாலேயே மாற்றச் சொல்லிப் பழக்குகிறேன்.

பயிற்சிக்காக நான் எடுத்துக்காட்டாக வைக்கும் பள்ளியில் 180 பேர் சேர்வார்கள் என்பது திட்டம். கலிஃபோர்னியாவில் பணம் சேர்க்கை எண்ணிக்கைக்கு அல்ல, சராசரி தினசரி வருகைக்கே கணக்கிடப்படுகிறது. 93 விழுக்காடு வருகை, தலைக்கு 12,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரவு 20,08,800 டாலர். பல ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்த அம்மையார் ஒருவரிடம், 180-ஐ 150 ஆக்குங்கள் என்றேன். வரவு 16,74,000 டாலராகக் குறைந்தது. துண்டு விழுந்தது 3,34,800 டாலர். திட்டத்தின்படி ஆசிரியர்கள் மே மாதத்திலேயே நியமிக்கப்பட்டுவிட்டார்கள், கட்டட ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. அக்டோபர் மாதக் கையிருப்புக் கட்டம் சிவப்பாக மாறியதும் அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் அந்த மாதம் சம்பளம் போட முடியாதா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி ஒருவருடைய வாயிலிருந்து தானாக வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தாளை அமைத்திருக்கிறேன்.

ஆண்டுத் திட்டத்தில் வரவும் செலவும் சமமாக இருந்தாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மாநில நிதி முதலில் மதிப்பீட்டின்படி வந்து, பிறகு உண்மையான வருகைக் கணக்கின்படி திருத்தப்படுகிறது. கூடுதலாக வந்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். கூட்டாட்சி மானியமோ பெரும்பாலும் முதலில் நாம் செலவழித்து, ரசீதுகளைக் காட்டிப் பின்னர் பெறுவது. ஆகவே தாளில் இருக்கும் பணம் வங்கியில் இல்லாத மாதங்கள் நிச்சயம் வரும்.

உள்கட்டுப்பாடு பற்றியும் ஒரு பயிற்சி உண்டு. விலைச்சீட்டைச் சரிபார்ப்பவரே காசோலையிலும் கையெழுத்திடக் கூடாது என்பது அதன் சாரம். கட்டட உரிமையாளர் நிர்வாகக் குழு உறுப்பினரின் உறவினராக இருந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே பழக்குகிறேன். 2019-இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியச் சட்டம், பொதுக் கூட்டம், ஆவண வெளிப்படைத்தன்மை, நலமுரண் (பொறுப்பும் சொந்த நலனும் மோதுவது) ஆகியவை பற்றிய விதிகள் சார்ட்டர் பள்ளிகளுக்கும் பொருந்தும் என்று தெளிவாக்கிவிட்டது.

அந்த அம்மையார் அன்று மாலையே அந்தத் தாளில் ஆசிரியர் நியமனங்களில் இரண்டை, சேர்க்கை உறுதியாகும் ஆகஸ்ட் மாதத்திற்குத் தள்ளிவைத்தார். சேர்க்கைக்கான கட்டத்திலிருந்த எண்ணை அழித்து 140 என்று எழுதி, அந்தக் கோப்பையே தம் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்திற்கு எடுத்துச் சென்றார்.