ஹாஸ்பிஸ்: செல்விருந்தை ஓம்பும் சொல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, படுத்த படுக்கையாக இருந்த நாட்களில், இனி மருந்தால் நோய் மாறாது என்று மருத்துவர் சொன்ன மறுவாரம், இறுதி நாட்களில் இருப்பவரைப் பேணும் ஹாஸ்பிஸிலிருந்து ஒரு செவிலியர் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. அந்தச் சொல் ஆயாவின் காதில் ஆஸ்பத்திரி என்று விழுந்தது. “என்னை எந்த ஆஸ்பத்திரிக்கும் அனுப்பாதே, இந்தக் கட்டில்லயே கிடக்கிறேன்” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி இல்லை ஆயா, ஹாஸ்பிஸ் என்று நான் திருத்தினேன். “அப்படின்னா என்ன?” என்று கேட்டார். எத்தனையோ ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிற எனக்கு அந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் வாயில் வரவில்லை. அன்று தொடங்கிய தேடலையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஆயாவின் செவி அவ்வளவாகத் தவறிவிடவில்லை. ஆஸ்பத்திரி என்று நாம் தமிழாக்கிக்கொண்ட ஹாஸ்பிட்டல், ஹாஸ்பிஸ், ஹோட்டல் ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. இலத்தீன் மொழியில் ஹோஸ்பெஸ் என்பது மூலச்சொல். வந்த விருந்தினரையும் அவரை வரவேற்கும் வீட்டாரையும் அந்த ஒரே சொல் குறித்தது. அதிலிருந்து பிறந்த ஹோஸ்பிட்டியும் என்பது விருந்தோம்பலையும், வழிப்போக்கர் தங்கும் இடத்தையும் சுட்டியது. இடைக்கால ஐரோப்பாவில் யாத்திரிகர்கள் தங்கி இளைப்பாறவும், வழியில் நோயுற்றவர்கள் படுத்துக் கிடக்கவும் துறவியர் நடத்திய சத்திரங்களுக்கு இந்தப் பெயர் நிலைத்தது. நம் ஊர் வழக்கில் சொன்னால், அது ஒரு சாவடி.

சாகும் தறுவாயில் இருப்பவரைப் பேணும் இடம் என்ற குறுகிய பொருள் இச்சொல்லுக்குப் பிற்காலத்தில்தான் வந்தது. டப்ளின் நகரில் 1879ஆம் ஆண்டிலும் லண்டனில் 1905ஆம் ஆண்டிலும் கன்னியாஸ்திரீகள் இத்தகைய இல்லங்களைத் திறந்தார்கள். அந்த லண்டன் இல்லத்தில் பணிபுரிந்து, நோயாளிகள் சொல்வதைக் குறித்துவைத்துக் கற்றுக்கொண்ட சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர், 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியபோதுதான் இன்றைய பொருள் முழுமை பெற்றது. செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து அதன்பின் மருத்துவம் படித்தவர் அவர். வலி என்பது உடம்பில் மட்டும் இருப்பதன்று, மனத்திலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் ஒருங்கே இருப்பது என்பதே அவர் கண்டது. அதனை முழுவலி என்று அவர் குறிப்பிட்டார். வலி வந்த பிறகு மருந்து கொடுப்பதை விடுத்து, வலி தலைதூக்குமுன் மார்ஃபினை வேளைதவறாமல் கொடுக்கும் முறையையும் அவர் வலியுறுத்தினார்.

தென்னாப்பிரிக்காவில் இந்த இயக்கம் 1980களின் தொடக்கத்தில் வேரூன்றியது. பிறகு எய்ட்ஸ் பரவியபோது, நாட்டிலேயே மிகுதியாகப் பாதிக்கப்பட்ட எங்கள் குவாசூலு-நட்டாலில், கட்டில் போட்டு ஆளைச் சேர்த்துக்கொள்ளும் இடம் என்ற எண்ணமே மாற வேண்டியதாயிற்று. 2004இல் அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி மருந்து கிடைக்கத் தொடங்குமுன், எண்ணற்றவர்கள் தத்தம் வீடுகளிலேயே கிடந்தார்கள். ஆகவே செவிலியர்களும் பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துப் பெண்களும் வீடு வீடாகப் போனார்கள். எனவே இங்கே ஹாஸ்பிஸ் என்பது பெரும்பாலும் கட்டடத்தின் பெயரன்று. வாசலில் வந்து நின்று கதவைத் தட்டும் ஓர் ஆளின் பெயர் அது. இதற்குத் தமிழ் தேடும்போது இந்த உண்மையை நாம் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

இப்போது வழக்கில் உள்ள தமிழ்ச் சொற்களைப் பார்ப்போம். அந்திமகால இல்லம், இறுதிக்கால இல்லம் என்ற இரண்டையும் காண்கிறோம். அந்திமம் வடசொல், கடைசி என்பது அதன் பொருள். இரண்டிலும் எனக்கு ஒரே மனத்தாங்கல் உண்டு. உள்ளே நுழைகிறவரின் நெற்றியில் முடிவு என்று எழுதி ஒட்டிவிடுகின்றன அவை. ஹாஸ்பிஸ் என்ற சொல்லிலோ சாவு என்ற பொருளே இல்லை. வரவேற்பு மட்டுமே இருக்கிறது. தணிப்புச் சிகிச்சை, வலி நிவாரணம், ஆதரவுச் சிகிச்சை என்பவை பாலியேட்டிவ் கேர் என்ற இன்னொரு சொல்லுக்கு நேரானவை. அவை நல்ல சொற்களே. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்தச் சேவை வீடு தேடிப் போகிறது.

அந்தப் பாலியேட்டிவ் என்ற சொல்லும் சற்று நிற்கத் தக்கது. 1970களில் கனடாவின் மொன்ட்ரியாலில் பால்ஃபர் மவுண்ட் என்ற மருத்துவர் இதனைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்நகரத்துப் பிரெஞ்சு மொழியில் ஹாஸ்பிஸ் என்றால் ஏழைகளை அடைத்துவைக்கும் விடுதி என்ற இழிபொருள் ஏறிவிட்டிருந்ததே காரணம். இலத்தீனில் பல்லியும் என்றால் போர்வை. பாலியேட்டிவ் என்றால் போர்த்துவது. குளிரை அகற்ற இயலாதபோது குளிர்பவரைப் போர்த்துகிறோம். இதைப் படித்தபோது என் நினைவுக்கு உடனே வந்தவன் பேகன். மயில் நடுங்குகிறது என்று இரங்கித் தன் படாத்தை அதற்கு ஈந்தவன் என்று சங்கப் பாட்டு அவனைப் புகழ்கிறது. மயிலுக்குப் போர்வை எதற்கு என்று பள்ளியில் பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போது நான் அவர்களிடம், நடுக்கத்தைக் கண்டதும் கை தானாகத் தோளுக்குப் போனதே, அதைப் பாருங்கள் என்கிறேன்.

ஹாஸ்பிஸுக்கு வருவோம். அதன் வேர் விருந்து என்றால், தமிழில் நாம் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. விருந்து என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாக வந்தவரைக் குறித்து, பின் அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. அந்த விருந்தோடு எப்போதும் இணைந்து வரும் வினை ஓம்புதல். உணவிடுதல் என்ற அளவில் அது நிற்பதில்லை. காத்தல், பேணுதல், போற்றுதல், கேடு அணுகாமல் பார்த்திருத்தல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். உயிரை ஓம்புகிறோம், உடலை ஓம்புகிறோம், குடியை ஓம்புகிறோம், விருந்தை ஓம்புகிறோம்.

திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் இரண்டு இடங்கள் இதற்கு நேராக வந்து பொருந்துகின்றன. “செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்” என்பது ஒன்று. செல்விருந்து என்பதற்குத் தன்னிடம் வந்து சேர்ந்த விருந்து என்று பரிமேலழகர் உரை கூறுவார். விடைபெற்றுப் போகும் விருந்து என்று கொள்வோரும் உண்டு. சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளவே என் மனம் விழைகிறது. நம்மை வந்தடைந்தவரும் அவரே, நம்மைவிட்டுப் போகிறவரும் அவரே. மற்றொன்று, முகம் திரிந்து நோக்கினாலே விருந்து வாடிவிடும் என்பது. படுக்கையில் கிடப்பவரின் அறைக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்துப் பேசுகிற நம்மில் பலருக்கு இதைவிட நேரான அறிவுரை இல்லை.

ஆகவே எழுத்துத் தமிழில் ஹாஸ்பிஸ் சேவையைச் செல்விருந்தோம்பல் என்றும், சுருக்கமாக ஓம்பல் என்றும், அதற்கென்றே ஒரு கட்டடம் இருந்தால் அதை ஓம்பகம் என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. இதற்குப் பழைய சான்றும் ஒன்று உண்டு. புறநானூற்றின் 281ஆம் பாட்டில், போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனின் வீட்டில் வேப்பிலையும் இரவ இலையும் செருகி, யாழ் முதலானவை ஒலிக்க, வெண்சிறுகடுகு சிதறி, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி, அவன் புண்ணைக் காப்போம் வா தோழி என்று ஒருத்தி அழைக்கிறாள். புண்ணை ஆற்றுவோம் என்று அவள் சொல்லவில்லை. காக்கம் வம்மோ என்கிறாள். உடனிருந்து விழித்திருத்தலே அங்கே மருந்தாக இருக்கிறது.

விழித்திருப்பதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும் என்பதை எங்களுக்குக் கற்றுத்தந்தவர் வீட்டுக்கு வந்த அந்தச் செவிலியர். சாவு நெருங்கும்போது உடம்பு தானாகவே உணவையும் நீரையும் விலக்கத் தொடங்குகிறது. சாப்பிடாததால் சாவு வருவதில்லை. சாவு நெருங்குவதால்தான் சாப்பிட முடிவதில்லை. இதை அறியாமல் கஞ்சியைக் கரண்டியால் திணித்தால் புரையேறும். கடைசியில் வாயில் பால் ஊற்ற வேண்டும் என்ற நம் வழக்கத்தைத் தயக்கத்தோடு அவரிடம் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. சிறு பஞ்சைப் பாலில் தோய்த்துப் பிழிந்து, உதட்டின் உட்புறத்தில் மெல்லத் தடவிக் காட்டினார். பால் தொண்டைக்குப் போகாது; ஆனால் கொடுத்தவர் கை கொடுத்திருக்கும், பெற்றவர் நாக்கு அறிந்திருக்கும். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வரும் என்பதால் சில மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றார். மூச்சோடு தொண்டையில் எழும் கரகரப்பு கேட்கிற நம்மைத்தான் வாட்டும், அவரைப் பெரும்பாலும் வாட்டாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். பதில் வராவிட்டாலும் பேச்சை நிறுத்தாதீர்கள் என்றார். என் சித்தி கட்டிலருகே அமர்ந்து, அன்றன்று சந்தையில் விற்ற காய்கறியின் விலையை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயாவுக்கு மிகவும் பிடித்த பேச்சு அது.

ஓம்பல் இறப்போடு முடிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டாரின் துயரத்தையும் தொடர்ந்து வந்து பார்ப்பது ஹாஸ்பிஸ் பணியின் ஒரு பாகம். தமிழில் இதற்குத் துக்கம் கேட்டல் என்ற அருமையான தொடர் இருக்கிறது. கேள் என்ற வினைக்கு வினவுதலும் செவிகொடுத்தலும் ஆகிய இரு பொருளும் உண்டு. வருகிறவர் எப்படி ஆயிற்று என்று கேட்கிறார். வீட்டார் தொடக்கத்திலிருந்து சொல்கிறார்கள். அடுத்தவர் வந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து. பதினாறாம் நாள் கருமாதிக்குள் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அதைத் தாங்கும் வலு வந்துவிடுகிறது. ஆகையால், போன இடத்தில் ஆறுதல் மொழிகளை அடுக்குவதைவிடக் கேட்டுவிட்டு வாய்மூடி உட்கார்ந்திருப்பதே அத்தொடரின் பொருளுக்கு ஏற்றது. எங்கள் ஊரில் சூலு மக்கள் துக்க வீட்டில் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: அக்வெஹ்லாங்க லுங்கெஹ்லாங்க. முன்பு நிகழாத ஒன்று நிகழ்ந்துவிடவில்லை என்பது அதன் கருத்து. சாதலும் புதுவதன்று என்ற நம் பழந்தமிழ் வரியை அறிந்தவர்களுக்கு அது அயல்மொழியாகத் தோன்றாது.

இத்தனையும் ஏட்டுக்கு. படுக்கையில் இருக்கும் மூதாட்டியிடம் செல்விருந்தோம்பல் என்று சொன்னால் விளங்குமா? அங்கே நாம் நாள்தோறும் புழங்கும் இன்னொரு சொல் இருக்கிறது: பார்த்துக்கொள்ளுதல். பார்த்தல் வேறு, பார்த்துக்கொள்ளுதல் வேறு. கொள் என்ற துணைவினை, பார்க்கிற பொறுப்பைப் பார்ப்பவர் தம்மேல் எடுத்துக்கொள்வதைக் காட்டுகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள், வீட்டைப் பார்த்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறோம். ஓம்புதல் என்ற பழஞ்சொல்லின் பொருள் முழுவதையும் இன்று பேச்சில் சுமப்பது இதுதான்.

அன்று ஆயாவிடம் நான் கடைசியில் சொன்னதும் அதையே. “ஆஸ்பத்திரிக்கு யாரும் உங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க ஆயா. ஒரு நர்ஸ் இங்கேயே வந்து பார்த்துக்குவாங்க.” அவர் என் கையை விட்டார். வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டது. வந்த பெண் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆயாவின் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். ஆயா அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எவ்வளவு தூரத்திலிருந்து வருதோ. அந்தப் பொண்ணுக்கு முதல்ல டீ போட்டுக் கொண்டா.”