முதல் சம்பளம்: எப்போது வரும், எவ்வளவு வரும்?

புது வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆனதும் எல்லோருக்கும் வரும் கேள்வி, சம்பளம் எப்போது ஏறும் என்பதுதான். ஹெச்.ஆரிடம் கேட்டால் "மாசக் கடைசி வேலை நாள்" என்பார்கள். பொய்யில்லை, ஆனால் அது பாதி பதில்தான். இந்த மாதம் நமக்குச் சம்பளம் உண்டா, எத்தனை நாளுக்கு என்பதெல்லாம் அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே முடிவாகியிருக்கும்.

பெரும்பாலான தனியார் நிறுவனங்களில் பேரோலுக்கு, அதாவது மாதச் சம்பளக் கணக்குக்கு, ஒரு கட்-ஆஃப் தேதி உண்டு. சில இடங்களில் 20, சில இடங்களில் 25. அன்றைக்கு யார் யார் வேலையில் இருக்கிறார்கள், யார் லீவு, யாருக்கு ஓவர்டைம் என்ற பட்டியலைப் பூட்டிவிட்டுத்தான் கணக்குப் போட உட்காருவார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர் அந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்.

மாதம் 30,000 ரூபாய் மொத்தச் சம்பளத்தில் ஒருவர் ஜூன் 23 அன்று சேர்கிறார், கட்-ஆஃப் 20 என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் அவருக்கு 8 நாள் சம்பளம், அதாவது 30இல் 8 பங்கு: 8,000 ரூபாய். இது ஜூன் 30 அன்று வராது. பல இடங்களில் "அடுத்த மாசம் அரியர்ஸா சேர்த்துப் போட்டுடுவோம்" என்று சொல்லி, ஜூலை 31 அன்று 38,000 என்று கணக்கெழுதுவார்கள். ஆக, சேர்ந்து ஐந்து வாரத்துக்கு மேல் கையில் காசு இல்லை. வேறு ஊரிலிருந்து வந்து அறைக்கு அட்வான்ஸ் கொடுத்தவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் கட்-ஆஃப் என்பது நிறுவனம் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட தேதி. சட்டம் சொல்வது வேறு. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி, மற்றவற்றுக்கு 10ஆம் தேதி என்று கெடு வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில், மாதச் சம்பளக்காரர்களுக்கு 7ஆம் தேதிதான் கெடு. அந்த எட்டு நாள் சம்பளமும் ஜூலை 7க்குள் வந்தாக வேண்டும். தனியாக ஒரு துணைப் பட்டியல் போட்டு அனுப்பினால் முடிகிற வேலை. கேட்டால் போடுவார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

சரி, கணக்கு முடிந்துவிட்டது. பணம் எப்படி வருகிறது? நிறுவனத்தில் ஒருவர் எல்லோருடைய கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., தொகை அடங்கிய கோப்பை வங்கித் தளத்தில் ஏற்றுவார். வேறொருவர் ஒப்புதல் கொடுப்பார். நிறுவனத்தின் வங்கியிலேயே நமக்கும் கணக்கு இருந்தால் அடுத்த சில நிமிடங்களில் எஸ்.எம்.எஸ். வந்துவிடும். வேறு வங்கி என்றால் பெரும்பாலும் நெஃப்ட் (ஒரு வங்கியிலிருந்து வேறு வங்கிக்குப் பணம் அனுப்பும் முறை) அல்லது நாச் (பலருக்கு மொத்தமாக அனுப்பும் முறை) வழி. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு பஸ் மாதிரி: ஒரு நாளில் 48 தொகுப்புகள். பக்கத்து சீட்டுக்காரருக்கு 11 மணிக்கே ஏறி, நமக்கு 12 ஆகியும் ஏறவில்லை என்றால் அநேகமாக இதுதான் காரணம். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட்டும், 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச்சும் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகின்றன. ஒப்புதல் கொடுக்க வேண்டிய ஆள்தான் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதில்லை.

சேரும் அன்றே கேன்சல் செய்த செக் தாள் ஏன் கேட்கிறார்கள்? நெஃப்ட்டில் பணத்தை வரவு வைக்கும் வங்கி கணக்கு எண்ணை நம்பித்தான் வைக்கிறது. பெயர் தவறியிருந்தாலும் பணம் போய்விடும். அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் அந்தத் தொகுப்பின் கணக்கு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பணம் திரும்ப வேண்டும் என்பது விதி. திரும்புவது நமக்கல்ல, நிறுவனத்துக்கு. அவர்கள் கவனித்து மறுபடி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த எண் வேறு யாருடையதாவது என்றால் இன்னும் பெரிய தலைவலி. அச்சடித்த எண் கையில் இருந்தால் தட்டச்சுப் பிழைக்கு இடம் குறைவு. பணம் வரவில்லை என்றால் "அனுப்பியாச்சா?" என்று கேட்பதைவிட யு.டி.ஆர். எண்ணை, அதாவது அந்தப் பரிமாற்றத்துக்கான அடையாள எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து நம் வங்கி தேடிச் சொல்லிவிடும்.

அப்புறம், தொகை. ஆஃபர் லெட்டரில் இருக்கும் சி.டி.சி.யை (நமக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவை) பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) ஒதுக்கியது, எப்போதோ வரப்போகும் போனஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். நம் எடுத்துக்காட்டில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், பி.எஃப். 12 சதவீதம், மாதம் 1,800 ரூபாய். ஜூலையில் அரியர்ஸுக்கும் சேர்த்து 2,280 போகும். மொத்தச் சம்பளம் 21,000க்கு மேல் போகாதவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம். சென்னை மாதிரி இடங்களில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறைதான் என்பதால் முதல் பேஸ்லிப்பில் தெரியாது. செப்டம்பர் வாக்கில் திடீரென்று தலைகாட்டும்.

வேறு நிறுவனத்திலிருந்து நடு ஆண்டில் மாறி வந்தவர்களுக்கு வருமான வரி விஷயம் ஒன்று உண்டு. இந்த நிதியாண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பள விவரத்தைப் புது நிறுவனத்திடம் கொடுக்காவிட்டால், இங்கே உங்கள் வருமானம் குறைவு என்று நினைத்து வரிப் பிடித்தத்தையும் குறைப்பார்கள். நிலைக் கழிவு (வரி போடும் முன் சம்பளத்திலிருந்து எல்லோருக்கும் கழிக்கும் தொகை) இரண்டு இடத்திலும் கணக்காகியிருக்கும். ஒவ்வொரு மாதமும் கையில் கொஞ்சம் கூடுதலாக வரும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது பிடிக்காமல் விட்ட மிச்ச வரியைக் கையிலிருந்து மொத்தமாகக் கட்ட வேண்டிவரும், சில சமயம் வட்டியோடு.